பனஞ்சாலையில் வேக வண்டி நிற்கும்

ஜூன் 2, திங்கள்

பால் திரிந்துவிட்டது. பால்காரரைக் கேட்டால் வெயில் என்கிறார். ஒரு மாதமாக வெயில் எங்கள் வீட்டுப் பாலை மட்டும் தேடி வந்து திரிக்கிறது போலும். நாளை முதல் பாக்கெட்டை வாங்கும்போதே தேதியைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்த நாள். பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. காலை வேக வண்டி வந்து நின்றபோது சீருடைகளும் கீரைக் கூடைகளும் டிபன் பைகளுமாக ஒரே நெரிசல். ஜனவரியிலிருந்துதான் இந்த வண்டி பனஞ்சாலையில் நிற்கிறது. காலையில் நகரத்துக்குப் போகும்போது ஒரு தடவை, மாலையில் திரும்பும்போது ஒரு தடவை. ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்த நிறுத்தம். போதுமான ஆள் ஏறினால் நிலைக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். இந்த மாதக் கடைசியில் முடிவு தெரியும்.

என் மகள் ஷைனிக்கு நகரத்தில் வேலை கிடைத்ததும் அதே ஜனவரியில்தான். வேக வண்டி இருப்பதால் வீட்டிலிருந்தே போய் வருகிறாள். எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் வண்டியை நம்பினால் அவள் போய்ச் சேருவதற்குள் ஆபீசில் பாதி வேலை முடிந்திருக்கும். "ஸ்டாப் போச்சுன்னா ஹாஸ்டல்தாம்மா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். போகட்டும். அவள் அப்பா இறந்த பிறகு ஸ்டேஷன் மேனேஜருக்கான இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி குறைந்தால் இடம் தாராளம். ஒரே ஆளுக்கு உலை வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத காரியம்.

குடிநீர்க் குழாய்ப் பக்கத்து பெஞ்சில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கைத்தறிச் சேலை, துணிப்பை. எந்த வண்டியிலும் ஏறவில்லை. யாரையும் வரவேற்கவும் இல்லை. கூட்டம் ஓய்ந்ததும் எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

அதே பெண். அதே பெஞ்சு. இன்றும் ஏறவில்லை.

ஜூன் 5, வியாழன்

நான்கு நாளாகத் தவறாமல் வருகிறாள். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வலதுகைப் பெருவிரலால் எதையோ அமுக்கிக்கொண்டே இருக்கிறாள். விரலில் மோதிரம் மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறது. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் காசிலிங்கத்தைக் கூப்பிட்டேன். இந்த ஸ்டேஷனில் என்னைவிடப் பழைய ஆள் அவர் ஒருவர்தான்.

"காசி, அந்தம்மா கையில என்ன அது?"

"ஜெபம் பண்ற மெசின் மேடம். எங்க மச்சினிச்சி ஒண்ணு வச்சிருக்கு. சாமி பேர ஒருவாட்டி சொல்லிட்டு ஒருவாட்டி அமுக்கணும்."

"வேக வண்டி வந்தா மட்டும் பக்தி வருதோ?"

காசி தலையைச் சொறிந்தார். எனக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. விஜிலென்ஸ்.

ரயில்வேயில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். எங்கள் தப்பைத் தேடிப் பிடிக்கும் விஜிலென்ஸ்காரர்கள் பயணி வேஷத்தில்தான் வருவார்கள். என்னோடு வேலைக்குச் சேர்ந்த கற்பகவல்லியின் ஸ்டேஷனில் ஒருவன் கையில் மாவுக்கட்டோடு சில நாட்கள் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தான். பாவம் என்று இவளும் டீ வாங்கிக் கொடுத்தாள். கடைசி நாள் கட்டை அவிழ்த்தான், உள்ளேயிருந்து அடையாள அட்டையை எடுத்தான். பெண்கள் காத்திருப்பு அறை பூட்டியிருந்தது குற்றம், தண்ணீர் வராதது குற்றம், டீ வாங்கிக் கொடுத்தது எதற்கு என்று ஒரு தனி விசாரணை. அவளைத் தூக்கி மரமில்லாத ஊரில் போட்டார்கள். அன்றிலிருந்து மாவுக்கட்டைக் கண்டாலே நான் எட்டிப் போய்விடுவேன்.

என் ஸ்டேஷனிலும் காத்திருப்பு அறை பூட்டித்தான் இருக்கிறது. உள்ளே கீரைக்காரிகளின் காலிக் கூடைகள், ஷைனியின் பழைய சைக்கிள், என் தண்ணீர் டிரம் இரண்டு.

ஜூன் 7, சனி

தணிகாசலம் வந்து போனார். பயணிகள் சங்கத் தலைவர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஸ்டேஷன் வாசலில் வைக்கப்போகும் பலகைக்குப் பனஞ்சாலை நிலையத்தின் வரலாறும் வசதிகளும் எழுதித் தர வேண்டும் என்று மூன்று மாதமாகப் பிடுங்குகிறார். ஏன் இவ்வளவு அவசரம் என்று புரியவில்லை. பலகையில் அவர் பேர் எங்கே வரும் என்பதில்தான் கண்ணாக இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இந்த இடத்தில் ஸ்டேஷன் வந்ததே மனிதர்களுக்காக அல்ல. கிழக்கே இருந்த சூளைகளிலிருந்து நகரத்துக்குச் செங்கல் ஏற்ற ஒரு கிளைப்பாதை போட்டார்கள். செங்கல்லோடு சூளைக்காரர்களும் ஏறிக்கொண்டதால் பிளாட்பாரம் கட்டினார்கள். சூளைகள் போய் அந்த இடத்தில் ஹவுசிங் போர்டு காலனி வந்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. அந்தக் கேட்டினால் வண்டிகள் தாமதம் என்று அதை மூடினார்கள். மூடும்போது அங்கே சுரங்கப்பாதை வரும் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். சுரங்கப்பாதை வரவில்லை, மதில் சுவர்தான் வந்தது. காலனிக்காரர்கள் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு உடைத்துக்கொண்டார்கள். அன்று முதல் அந்த உடைசல்தான் கிழக்குப் பனஞ்சாலைக்கு வாசல். அதில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி, பிளாட்பாரச் சரிவில் ஏறி வருவார்கள். சரியான வழி என்றால் தெற்கே பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு அரைமணி நடக்க வேண்டும்.

வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதுதான் வருகிறது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

காத்திருப்பு அறையைத் திறந்து கழுவிவிட்டேன். சைக்கிளையும் டிரம்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. கீரைக்காரிகளிடம் இனிமேல் பிளாட்பாரத்தில் கூடையை இறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"இத்தினி வருசமா இறக்கினோமே மேடம், அப்ப உங்க கண்ணு எங்க போச்சு?" என்றாள் ஒருத்தி. இந்தத் திமிருக்காகவே விரட்டலாம். நாளையிலிருந்து பஸ்சில் போய்க்கொள்வார்களாம். தாராளமாகப் போகட்டும்.

பெஞ்சுக்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரித்தாள். சிரிக்கிற விஜிலென்ஸ்தான் ஆபத்து.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பிடும்போது ஷைனி ஒரு விஷயம் சொன்னாள்.

"அம்மா, அந்த பெஞ்சுல ஒரு அக்கா உக்காந்திருக்காங்கல்ல, அவங்க தலை எண்றாங்க. நம்ம ஸ்டாப்புக்காக. ரயில்வே ஒரு காலேஜ்கிட்ட சர்வேய குடுத்திருக்காம். இன்னைக்கு என்கூட பேசினாங்க. மீனலோசனின்னு பேரு."

"அப்படித்தான் சொல்லுவா. பின்ன நெத்தியில விஜிலென்ஸ்னு எழுதி ஒட்டிக்கிட்டா வருவா?"

"நல்ல மாதிரியாம்மா அவங்க."

"நல்ல மாதிரியான ஆளைத்தான் அனுப்புவான்."

ஷைனி மோரை ஊற்றிக்கொண்டாள். சின்னப் பெண், யார் எது சொன்னாலும் நம்பிவிடுகிறாள். நிறுத்தத்துக்காக ஆள் எண்ண வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? முன்கூட்டியே கடிதம் வரும். ஜீப்பில் நாலு பேர் இறங்குவார்கள். இளநீர் வெட்டி வைக்க வேண்டும். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவா வருவார்கள்?

அவள் ஷைனியிடம் என்னவெல்லாம் விசாரித்தாள் என்று கேட்டேன். "ஒண்ணும் விசாரிக்கல" என்கிறாள். அதுவே விசாரிப்பவர்களின் சாமர்த்தியம்.

ஜூன் 12, வியாழன்

பெஞ்சுக்காரி இரண்டு நாளாக வரவில்லை. அறிக்கை எழுதுகிறாள் போலிருக்கிறது.

வீட்டில் வேறொரு சங்கதி. ஷைனி பத்து நாளாகப் பின்வாசலில் நின்று போனில் பேசுகிறாள். நான் போனால் குரல் தணிகிறது.

"யாருட்டி போன்ல?"

"யாருமில்லம்மா. ஒரு வேலையா பேசிட்டிருந்தேன்."

யாருமில்லாதவரோடு அரைமணி பேசும் வேலை எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாளா? இன்று காலை வேக வண்டிக்குச் சற்று முன்னால் சுவர் உடைசலருகே அவள் ஒரு ஆணோடு நின்று பேசுவதைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. அவன் பின்னால் காலனிப் பெண்கள் கும்பலாக வந்து ஏறினார்கள். அவள் கண் அந்தக் கும்பலிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. அவன் சொல்வதையே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14, சனி

ஷைனிக்கு லீவு. காலையிலேயே குளித்துத் தலைவாரிப் புறப்பட்டாள். எங்கே என்றேன். கோயிலுக்கு என்றாள். எங்கள் கோயில் மேற்கே இருக்கிறது. ஸ்டேஷன் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். அவள் போனது கிழக்கே, உடைசல் வழியாகக் காலனிக்கு. என் மகள், ஸ்டேஷன் மேனேஜரின் மகள், தண்டவாளத்தைத் தாண்டி ஓட்டைக்குள் நுழைகிறாள்.

மத்தியானம் முகம் மலர்ந்து வந்தாள். "பசிக்குதும்மா" என்றாள். மீன் குழம்பு ஊற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டுச் சோற்றைக் காக்கைக்கு வைத்தேன். மீனில் முள் அதிகம்.

ஜூன் 16, திங்கள்

உடைசலை அடைத்துவிட்டேன். என்ஜினியரிங் ஆட்களைப் பிடித்து, பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு, குறுக்கே தண்டவாளத் துண்டுகளை வைத்துக் கட்டியாகிவிட்டது. எலி நுழையாது. தண்டவாளத்தைத் தாண்டுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. எத்தனை தடவை விசில் ஊதி ஊதி என் வாய் வலித்திருக்கிறது. விஜிலென்ஸ் பார்வையில் பட்டிருந்தால் முதல் குறிப்பே அதுவாகத்தான் இருக்கும். இதுதான் காரணம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

காசிலிங்கம் வேலை முடியும்வரை கூடவே நின்றார். பிறகு, "ஜனங்க எப்டி மேடம் வருவாங்க?" என்றார்.

"பாலம் எதுக்கு இருக்கு?"

"அது மாட்டுவண்டிக்குக் கூட தூரம் மேடம்."

ஜூன் 17, செவ்வாய்

பெஞ்சுக்காரி மறுபடி வந்துவிட்டாள். நல்ல வேளை, நேற்றே அடைத்தேன். பிளாட்பாரம் இன்று பார்க்க லட்சணமாக இருந்தது. பெருக்கியது பெருக்கியபடி கிடந்தது.

ஜூன் 18, புதன்

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலனிப் பெண்கள் கத்தினார்கள். "சீசன் டிக்கெட் எடுத்து வச்சிருக்கோம், எந்த வழியா வர்றது? பறந்து வர்றதா?" வண்டி வந்தது, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. கம்பெனி பஸ் வரும் மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். டிக்கெட் இருப்பதற்காகத் தண்டவாளத்தைத் தாண்டலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இரவு ஷைனி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏம்மா அடைச்ச?"

"ரூல்."

"ஆறு மாசமா இல்லாத ரூலா? இன்னும் ரெண்டே வாரம்மா. ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"எதுக்குப் பொறுக்கணும்? யாருக்காகப் பொறுக்கணும்னு நீதான் சொல்லேன்."

என் முகத்தை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். செருப்பை வாசலில் விட்டெறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அந்தப் பெண் இன்று நேராக என் அறைக்கே வந்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். கொடுத்தது எதற்கு என்று விசாரணை வந்தால் காசி சாட்சி.

"மேடம், என் பேர் மீனலோசனி. காலேஜ்ல லெக்சரர். உங்க வேக வண்டி ஸ்டாப்புக்கு சர்வே எடுக்கறோம். கடுதாசி வந்திருக்குமே?"

வரவில்லை என்றேன். அட்டையை எடுத்து நீட்டினாள். அட்டை அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்? பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மாசத் தொடக்கத்துல எண்ணினதுல பாதி பேர்கூட இந்த வாரம் ஏறல. அந்தப் பக்கத்து வழிய அடைச்சதாலயா? இந்த வாரம் மட்டும் ஏதாவது வேலை நடக்குதுன்னா சொல்லுங்க, நான் அதையும் குறிச்சிடறேன். இல்லாட்டி வேற ஒரு வாரம் வந்து எண்ணிக்கறேன்."

என்ன நயமாக வலை விரிக்கிறாள் பாருங்கள். தற்காலிகமாக அடைத்தேன் என்று சொன்னால், அதற்கு முன்னால் திறந்திருந்ததை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"இங்கே வழியே கிடையாது. சுவர்தான் உண்டு. எப்பவும் அப்படித்தான் இருந்தது, நான் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். "உங்க பொண்ணு…" என்று ஆரம்பித்தாள். "அவளை இதுல இழுக்காதீங்க" என்றேன். தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

தப்பித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

பெஞ்சு காலி. இனிமேல் வர மாட்டாள் என்று நினைக்கிறேன். முப்பது வருஷ சர்வீசில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. காசிக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

ஜூலை 4, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. 'பயணிகள் ஆதரவு ஒரே மாதத்துக்குள் பாதியாகக் குறைந்துவிட்டபடியால்' வேக வண்டி பதினான்காம் தேதி முதல் பனஞ்சாலையில் நிற்காது. கூடவே தபாலில் எங்கோ சுற்றித் திரிந்துவிட்டு, ஜூன் மாதமே வந்திருக்க வேண்டிய கடிதமும் வந்தது. சர்வே எடுக்க விரிவுரையாளர் மீனலோசனி வருவார், ஒத்துழைப்புத் தரவும்.

கடிதம் எப்படித் தாமதமானது? யார் பிடித்து வைத்தது? ஜனவரிக்கு முன்னால் வேக வண்டி நின்றது அடுத்த ஸ்டேஷன் திருமணிக்குப்பத்தில்தான், அந்த ஊர்க்காரர்களுக்கு எங்கள் நிறுத்தத்தின் மேல் முதலிலிருந்தே பொறாமை. எனக்கு அந்தப் பக்கம்தான் சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

தணிகாசலம் வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போச்சும்மா. எல்லாம் போச்சு. உங்க பொண்ணு பட்ட பாடு இருக்கே, அத நெனச்சாதான் எனக்கு மனசு ஆறல."

"ஷைனி என்ன பாடு பட்டா?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "எண்ணிக்கை பத்தாதுன்னு மே மாசமே அது எங்கிட்ட வந்துச்சு. காலனி லேடீஸ் எல்லாம் கம்பெனி பஸ்லதான போறாங்க, அவங்கள ரயிலுக்குத் திருப்பினா ஸ்டாப் நிக்கும்னு சொல்லிச்சு. அவங்க சூப்பர்வைசர் ஜீவரத்தினத்தப் பிடிச்சுது. தெனம் போன் போட்டுப் பேசி, லீவு நாள்ல வீடு வீடா ஏறி எறங்கி, அத்தன பேரையும் சீசன் டிக்கெட் எடுக்க வச்சுது. அவருகூட கேட்டாராம், 'உனக்கேம்மா இவ்ளோ அக்கறை, நீ பாட்டுக்கு ஹாஸ்டல்ல சேந்துட்டுப் போவியா'ன்னு. 'எங்கம்மா தனியா இருக்க மாட்டாங்க சார், வெளியில சொல்லவும் மாட்டாங்க'ன்னுச்சாம்."

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று ஏதோ சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன். என் பிள்ளையை நான் என்னவென்று நினைத்தேன். அவ்வளவுதான். ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தேன். மூன்று தடவையும் "காபி வேணுமா?" என்று கேட்டேன். மூன்று தடவையும் வேண்டாம் என்றாள்.

ஜூலை 10, வியாழன்

பலகைக்கு எழுதி முடித்தேன். செங்கல், கேட், மதில் எல்லாம் எழுதினேன். தணிகாசலம் அதில் பாதியை அடித்துவிடுவார், தெரியும். வசதிகள்: குடிநீர்க் குழாய்கள், பெண்கள் காத்திருப்பு அறை (திறந்துள்ளது), தெற்கே பாலம் (அரைமணி நடை). 'வேக வண்டி நிற்கும்' என்ற வரியை முதல் பிரதியில் எழுதி வைத்திருந்தேன். அடித்தேன். வரலாற்றின் கீழே, 'ஆறு மாத காலம் வேக வண்டி நின்று சென்றது' என்று சேர்த்தேன். ஏன் நின்றுபோனது என்று எழுதப் பலகையில் இடமில்லை.

கூடவே பழைய கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போய்ச் சேருமா என்பது சந்தேகம். அதனால் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஷைனி பெட்டி அடுக்கினாள். ஹாஸ்டலில் தலையணை கொடுப்பார்களாம். யார் யார் தலைவைத்த தலையணையோ. இங்கிருந்தே ஒன்றைக் கொடுத்தேன். ஊறுகாய் பாட்டிலைத் துணி சுற்றி வைத்தேன்.

"தணிகாசலம் வந்திருந்தாரு, போன வாரம்" என்றேன்.

அவள் கை ஒரு கணம் நின்றது. "ம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனேம்மா. அந்த அக்கா தலை எண்றாங்கன்னு சொன்னேன். நம்பினியா?" பெட்டியை அழுத்தி மூடினாள். "மத்தத சொல்லியிருந்தா மட்டும்? காலனில அத்தன வீடு ஏறினேன், கதவத் தொறந்தவங்க எல்லாரும் நான் சொன்னத நம்பினாங்க. நீ யாரையாவது நம்புவியாம்மா?"

பெட்டியின் ஜிப் ஓரத்தில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேருமாக இழுத்து மூடினோம்.

"வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

வேக வண்டி நிற்காமல் போனது. வேகமாகத்தான் போகிறது.

ஜூலை 16, புதன்

பால் இன்றைக்கும் திரிந்தது. பால்காரரை ஒன்றும் சொல்லவில்லை. வெயில்தான்.

ஜூலை 18, வெள்ளி

ஷைனி மத்தியானமே போன் செய்தாள். மாலை வேக வண்டியிலேயே வருகிறாளாம்.

"அதுதான் இங்க நிக்காதே."

"திருமணிக்குப்பத்துல இறங்கி, எதிர்ல வர்ற வண்டியில திரும்பி வர்றேன்மா. மெதுவா வர்ற வண்டிய விட இதுவே சீக்கிரம்."

தன் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறாள்.

நிற்காமல் போகும் வண்டிக்கு ஸ்டேஷன் மேனேஜர் பிளாட்பாரத்தில் நின்று பச்சைக் கொடி காட்ட வேண்டும். வண்டியில் கோளாறு எதுவுமில்லை, போகலாம் என்று அதற்கு அர்த்தம். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு தாண்டும்வரை கொடியை ஆட்டாமல் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். என் வேலை நேரம் முடிந்திருந்தது. இந்த வண்டிக்கு மட்டும் நானே நிற்கிறேன் என்று அடுத்த ஷிப்டுக்காரரிடம் சொன்னேன். காசிலிங்கம் எதிர்ப்புறத்தில் தன் கொடியோடு நின்றார்.

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியின் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஷைனி நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி ஆட்டினாள். "அம்மா" என்று கூப்பிட்டிருப்பாள், வாய் அசைந்தது தெரிந்தது, சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வலதுகையில் கொடி இருந்தது. இடதுகையைத் தூக்கினேன். அதற்குள் அவளுடைய பெட்டி போய்விட்டது. பின்னால் வந்த பெட்டிகளில் முகம் தெரியாதவர்கள் நின்றுகொண்டு, இந்த அம்மா யாருக்குக் கையாட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டே போனார்கள்.

கார்டு கொடி காட்டினார். வண்டி வளைவில் மறைந்தது.

"போயிட்டுது மேடம். கொடிய மடிங்க" என்றார் காசி.

அறைக்குப் போக மனமில்லை. குழாய்ப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அந்தக் கட்டை வேலி எவ்வளவு நேர் எதிரே இருக்கிறது என்று. அதற்கு அப்பால் காலனியில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வண்டி வந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியாக ஷைனி இறங்கினாள். களைத்திருந்தாள். பையை நான் வாங்கிக்கொண்டேன்.

"இதுக்குப் போயி ஏம்மா இங்க உக்காந்திருக்க? வீட்டுக்குத் தெரியாதா எனக்கு வழி?" என்றாள். பிறகு, "சோறு இருக்கா? பசிக்குது" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் வச்சிருக்கேன்" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் இரண்டு பேருக்குத்தான் வைக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.